ராசம்மாவின் மூன்றாவது கூடை

சந்திரனுக்கு ஆள் போய்த் திரும்பியதை ரேடியோவில் கேட்டுவிட்டு ஊரே வாயைப் பிளந்தது. நான் பிளக்கவில்லை. அதைவிடப் பெரிய ஆள் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக நிற்கும் காம்பரா அறைகளில் எங்களுக்கு அடுத்ததில் இருக்கிறார். எமன் எருமையோடு ஹாலிஎல ஸ்டேசனில் இறங்கி எங்கள் மலை ஏறி வந்தால், முதலில் ராசம்மா அத்தையிடம் பாசக்கயிற்றைக் காட்ட வேண்டும். அத்தை அதை இழுத்துப் பார்த்து, முடிச்சைத் தடவிப் பார்த்து, "கயிறு நைஞ்சு போச்சு, வேற கொண்டாங்க" என்று எருமையோடு திருப்பி அனுப்பிவிடுவார். உலகத்தில் கெட்டுப்போன சாமான் எதுவானாலும் அத்தையின் காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்று தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும்.

இவ்வளவும் பொய். எங்கள் வாலிபர் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் "நம்மில் ஒருவர்" பக்கத்தை நிரப்பும் வேலை இந்த முறை என் தலையில் விழுந்தது. பொய்யில் தொடங்கினால்தான் நம் ஆட்கள் அடுத்த வரிக்கு வருவார்கள். வந்துவிட்டீர்கள். இனி வருவது நடந்தது. பத்திரிகை கைமாறிப் பூனாகலைத் தோட்டத்துச் சங்கத்துக்கும் போகும் என்பதால், நமக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் விளக்கித்தான் எழுதுகிறேன்.

ராசம்மா அத்தை முதலில் கொழுந்து எடுத்தார். பிறகு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், குச்சி பொறுக்கினார். காய்ந்த தேயிலையைப் பரப்பி வைத்து, தூளுக்குள் கிடக்கும் குச்சியையும் நாரையும் பிரித்துத் தள்ளும் வேலை. அங்கே யோசித்துக்கொண்டிருக்க முடியாது. கண் பட்டதும் கை முடிவு செய்துவிட வேண்டும். இது குச்சி, இது தூள், அவ்வளவுதான். அத்தையின் கை அந்த வேலையில் மின்னலடித்தது என்று கங்காணிமாரே சொல்வார்கள். ஆனால் தூசி நெஞ்சில் ஏறி மூச்சு இழுக்கத் தொடங்கியது. புருசன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகளைப் பூனாகலைக்குக் கட்டிக் கொடுத்தாயிற்று. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஆள் தேவைப்பட்டபோது அத்தையை அங்கே மாற்றினார்கள்.

அங்கே அவருக்கு வேலை, ஊசிகளைக் கொதிக்க வைப்பது, போத்தல்களைக் கழுவுவது, காகிதப் பல் வெட்டுவது. நம் சனங்கள் மருந்துக்குத் தங்கள் வீட்டுப் போத்தலைத்தான் கொண்டு போவார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அளவு எப்படித் தெரியும்? அதற்காக ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து, ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி, போத்தலின் வயிற்றில் நிமிர்த்தி ஒட்டுவார்கள். ஒரு வேளைக்கு ஒரு பல். மருந்து ஒரு பல் இறங்கும் வரை ஊற்றிக் கொடுத்தால் சரி.

மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா ஒன்றையும் வீச விடமாட்டார். "கெட்டது ஏன் கெட்டதுன்னு தெரியாம வீசினா, அடுத்ததும் அப்படியே கெடும், ராசம்மா," என்பார். அத்தைக்கு அது ஸ்டோர் வேலை மாதிரிப் பட்டது. பின்சுவரில் இரண்டு பழைய கொழுந்துக் கூடைகளை மாட்டினார். ஒன்று சாமான் குற்றத்துக்கு. விரிசல் விட்ட ஊசிக்குழல், மூடி பிடிக்காத அவிப்புப் பாத்திரம், ரப்பர் இளகிப்போன கண்மருந்துக் குழாய் எல்லாம் அதில். மற்றது கைக் குற்றத்துக்கு. புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி ஊசியோடு சேர்த்துக் கொதிக்க வைத்து வெடிக்கச் செய்த, காய்ச்சல் பார்க்கும் குழாய் அதில் கிடந்தது. ஆளுக்கு ஊறு வந்தாலும், வரப் பார்த்தாலும், அந்தச் சாமான் ஏதாவதொரு கூடைக்குப் போக வேண்டும். அதுதான் அத்தையின் சட்டம்.

நானும் ஒருமுறை அந்தச் சட்டத்தில் சிக்கினேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகப் பிடிக்காத ஒரு காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் டிஸ்பென்சரி வாங்குப் பலகையில் போய்ப் படுத்துக்கொண்டேன். அத்தை காய்ச்சல் குழாயை வாயில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பியதும், அதை எடுத்துத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் விட்டு, மறுபடி வாயில் வைத்துக்கொண்டேன். அத்தை வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏண்டா, இந்தச் சூட்டுக்கு நீ நேத்தே செத்திருக்கணுமே?"

"குழாய் கெட்டிருக்கும், அத்தை."

"குழாயும் நல்லாத்தான் இருக்கு, என் கையும் நல்லாத்தான் இருக்கு. கெட்டது ஓன் வாய். அதுக்குக் கூடை இல்ல, வெளக்குமாறுதான் இருக்கு. எந்திரிச்சு ஓடு."

ஓடினேன். இப்படிச் சிரிக்கிற மாதிரியே எல்லாம் இருந்திருந்தால் இந்தப் பக்கத்தை எழுத என் பேனை இவ்வளவு இழுத்திருக்காது.

மேல் லயத்தில் கருப்பம்மா இருக்கிறார். புருசன் கந்தப்பன் துரை பங்களாவில் தோட்டவேலை. அவர்களுடைய மூத்த குழந்தை பெரியாயி. நடை பழகியிருந்த வயது. என்னைக் கண்டால் காதைப் பிடித்து இழுப்பாள். போன மாரிக்கு முந்தின மாரியில் அவளுக்கு இருமல் வந்தது. கருப்பம்மா டிஸ்பென்சரிக்குப் போகும்போது, வீட்டிலிருந்ததிலேயே அழகான போத்தலை எடுத்துப் போனார். பங்களாவிலிருந்து கந்தப்பன் கொண்டுவந்த உருண்டை வயிற்றுச் சர்பத் போத்தல். அதைச் சாம்பல் போட்டுக் கண்ணாடி மாதிரி துலக்கியிருந்தார். பிள்ளைக்கு மருந்து என்றால் நல்ல போத்தலில் அல்லவா வாங்க வேண்டும்?

அந்த இருமல் மருந்தில் தூங்க வைக்கிற சரக்கு ஒன்று உண்டு. அளவோடு கொடுத்தால் இருமல் அடங்கும். அளவு மீறினால் மூச்சு அடங்கும். பெரியாயி தூங்கினாள். எழுந்திருக்கவில்லை.

விசாரித்தார்கள். நாள் கணக்குக்கு வர வேண்டிய மருந்து பாதி நாளிலேயே தீர்ந்திருந்தது. வேறென்ன வேண்டும்? தாய் அள்ளி ஊற்றிவிட்டாள் என்று லயம் முழுக்கச் சொன்னது. கருப்பம்மா, "ஒரு பல்லுதான் குடுத்தேன், ஒரு பல்லுதான் குடுத்தேன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் அதையும் சொல்வதை விட்டுவிட்டார். ராசம்மா அத்தை அந்தப் போத்தலைக் கையில் வாங்கிப் பார்த்தார். விரிசல் இல்லை, அழுக்கு இல்லை, காகிதம் கிழியவில்லை. சாமானில் குற்றமில்லை. கண் பட்டதும் கை முடிவு செய்தது. போத்தல் கைக் கூடைக்குள் போனது.

டிஸ்பென்சரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்தக் கூடையைப் பார்ப்பார்கள். சர்பத் போத்தல் அதில் மேலாகத் தெரியும். கருப்பம்மாவும் பார்த்திருக்கிறார்.

போன மாரியில் இரண்டாவது பிள்ளை கணபதிக்குச் சளி நெஞ்சில் கட்டியது. மழை விடாமல் அடித்து, கீழ்வளைவில் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வழியில்லை. டிஸ்பென்சர் ஐயா பிள்ளையின் முதுகில் குழலை வைத்துக் கேட்டார். முகம் மாறிவிட்டது.

"நேரம் தவறாம இந்த மருந்து போகணும் கருப்பம்மா. பாதை திறக்கிற வரைக்கும் இதுதான் நமக்குத் துணை. இதில தூங்க வைக்கிற சரக்கு இல்ல, பயப்படாதீங்க."

கருப்பம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாங்க. ஏங் கைக்கு ஆகாது. ஏங் கை என்னா செஞ்ச கைன்னு ஒங்களுக்கே தெரியுமே."

"வேற யாராச்சும் குடுக்கட்டும்."

"அந்தத் தண்ணி ஏங் காம்பராவுக்குள்ளயே வரக் கூடாதுங்க, ஐயா."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டார். ராசம்மா அத்தை மருந்துப் போத்தலை முந்தானையில் மறைத்துக்கொண்டு பின்னால் போனார். கதவைத் தட்டினார். கருப்பம்மா திறந்தார், உள்ளே விடவில்லை.

"குடு புள்ள. ஒரு வேள மட்டும் குடு. நான் பக்கத்துல இருக்கேன்."

"நீங்கதானே அக்கா அந்தப் போத்தலக் கைக் கூடையில போட்டீங்க?"

அத்தை கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க கண்ணு தப்பாதுன்னு தோட்டமே சொல்லுது. அப்போ ஏங் கைய நான் எப்புடி நம்புறது? நீங்களே சொல்லுங்க."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே பிள்ளை மூச்சு இழுக்கும் சத்தம் பலகைக்கு வெளியேயும் கேட்டது. நான் அப்போது எதிரே எங்கள் தாழ்வாரத்தில் நின்று, பயல்களைச் சிரிக்க வைக்க எருமை மாதிரி கத்திப் பழகிக்கொண்டிருந்தேன். நிறுத்திவிட்டேன்.

அத்தை திரும்பி டிஸ்பென்சரிக்கு நடந்தார். கைக் கூடையிலிருந்து சர்பத் போத்தலை இறக்கினார். அதற்குப் பிறகு நடந்ததை டிஸ்பென்சர் ஐயாவே பிற்பாடு சொன்னார். அத்தை ஒரு வருசமாக அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒருநாளும் அதில் எதையும் ஊற்றிப் பார்த்ததில்லை. குச்சி பொறுக்குகிறவர்கள் தூளைத் தண்ணீரில் போட்டா பார்ப்பார்கள்? கண்ணே போதும். அன்றைக்குத்தான் தண்ணீர் பிடித்தார். காகிதத்தின் உச்சி வரை நிரப்பி, ஒரு பல் இறங்கும் அளவுக்கு, காகிதம் ஒட்டிய வேறொரு தட்டைப் போத்தலில் ஊற்றினார். தட்டைப் போத்தலில் தண்ணீர் ஒரு பல்லைத் தாண்டியது. இரண்டாவது பல்லின் உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

மறுபடி ஊற்றினார். மறுபடியும் அங்கேயே நின்றது.

கூட்டம் அதிகமான நாட்களில் வரிசை சீக்கிரம் நகர வேண்டும் என்று, அத்தை காகிதங்களை முன்கூட்டியே ஒரே அளவில் வெட்டி வைத்திருப்பார். தவறணைச் சாராயப் போத்தல், அந்தத் தட்டைப் போத்தல்தான், தோட்டத்தில் அதிகம் வரும். அதற்கென்று வெட்டிய காகிதம். கழுவிய போத்தல் எது கையில் வந்தாலும் அதில் ஒட்டி உள்ளே நீட்டிவிடுவார். ஐயா அளந்த மருந்தை ஊற்றிக் கொடுப்பார். உருண்டைப் போத்தலின் வயிறு பெரிது. அதில் ஒரு பல் என்பது ஒரு பல் அல்ல.

"நான் ஒட்டுனது, ஐயா," என்றார் அத்தை.

"நான் பாக்காம ஊத்தினது," என்றார் ஐயா. "மருந்து காகிதத்தின் பாதியிலதான் நின்றிருக்கும். என் கண் முன்னாலதான் நின்றிருக்கும்."

பிறகு குடையை எடுத்துக்கொண்டாராம்.

மலைத் தண்ணீர் குழாயில் வந்து விழும் மேல் லயத்துப் பீலியடியில் எப்போதும் பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். மழையானாலும் சமைக்கத் தண்ணீர் வேண்டுமே. அத்தை இரண்டு போத்தலையும் எடுத்துக்கொண்டு அங்கே வந்தார். பின்னால் டிஸ்பென்சர் ஐயா குடையைப் பிடித்தபடி. குடை அத்தையின் தலைக்கு மேலே இருந்தது, ஐயா நனைந்துகொண்டிருந்தார். "கருப்பம்மாவக் கூப்புடுங்க. கந்தப்பனையும் கூப்புடுங்க," என்றார் அத்தை. கருப்பம்மா பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்து நின்றார்.

அத்தை பீலியில் சர்பத் போத்தலை நிரப்பினார். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு பல் அளவை மற்றதில் ஊற்றினார்.

"பாத்துக்கங்க. இதுல ஒரு பல்லு, அதுல ரெண்டு பல்லு. பெரியாயிக்குக் கருப்பம்மா குடுத்தது ஒரு பல்லுதான். அவ சொன்னது சரி. இந்தப் போத்தல நான் கைக் கூடையில போட்டது தப்பு."

ஒரு கிழவி, "அப்போ போத்தல்தான் கெட்டதா?" என்றாள்.

"போத்தல் நல்ல போத்தல். காயிதம் நல்ல காயிதம். அவ கை நல்ல கை. ஒண்ணுக்கொண்ணு பொருத்தம் இல்ல. பொருத்தம் பாக்காம முடிச்சுப் போட்டது நான்."

கந்தப்பன் முன்னால் வந்தார். பங்களாவிலிருந்து ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"அப்போ ஏம் புள்ளையக் கொன்னது நீயா?"

நான் எந்த வேளையிலும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவன். அன்று கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"ஆமா, தம்பி," என்றார் அத்தை. "வேணும்னு இல்ல. ஆனா ஆமா."

"நானும்," என்றார் ஐயா.

கந்தப்பன் கை ஓங்கினார். ஓங்கிய கை எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு பீலிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருசமாகத் தன் பெண்சாதியோடு சரியாகப் பேசாத மனுசன்.

கருப்பம்மா கிட்டே வந்தார். கணபதியைப் புருசனின் மடியில் வைத்தார். "இன்னொரு தடவ ஊத்துங்க, அக்கா," என்றார். அத்தை ஊற்றினார். "குடுங்க இப்புடி," என்று வாங்கித் தானே ஊற்றினார். தண்ணீர் அதே இடத்தில் நின்றது. மறுபடி ஊற்றினார். ஊற்றி ஊற்றிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மருந்து வாங்குன அன்னைக்கே மேல பாதி காயிதம் வெறும் போத்தல்லதான் நின்னுச்சு. கூட்டம்னு ஐயா கொறச்சுக் குடுத்துட்டாரோன்னு நெனச்சேன். யாராச்சும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல."

பிறகு அத்தையின் முந்தானையை இழுத்து, அதிலிருந்த மருந்துப் போத்தலை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிக் காகிதத்தையும் மருந்தையும் பார்த்தார். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. அங்கேயே, மழையிலேயே, கணபதியின் முதல் வேளையைத் தன் கையால் ஊட்டினார்.

பிள்ளை தேற நாளாயிற்று. பாதை திறந்ததும் பதுளைக்கும் கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டான். இப்போது அவனும் என் காதைப் பிடித்து இழுக்கிறான், குடும்பத் தொழில்.

கருப்பம்மா ராசம்மா அத்தையை மன்னித்தாரா என்று என்னிடம் கேட்காதீர்கள். மருந்துக்கு வருவார். ஐயா ஊற்றுவதை, அத்தை ஒட்டுவதை, இமைக்காமல் பார்ப்பார். வாங்கிக்கொண்டு போவார். பேச்சு அதிகமில்லை. அத்தையும் அதிகம் எதிர்பார்க்கவில்லை.

டிஸ்பென்சரிப் பின்சுவரில் இப்போது மூன்று கூடை. மூன்றாவதற்குப் பொருத்தக் கூடை என்று பெயர். சாமானும் சரி, கையும் சரி, இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பிழை என்றால் அது அங்கே போகும். சர்பத் போத்தல்தான் அதில் முதலில் போனது. அதற்குப் பிறகு அத்தை கைக் கூடையைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொன்றாக மறுபடி பிரித்தார். ஆட்களைக் கூப்பிட்டு, "அன்னைக்கு என்னா நடந்துச்சு, சொல்லு," என்று கேட்டுக் கேட்டுப் பிரித்தார். அந்த வெடித்த காய்ச்சல் குழாயும் கூட மூன்றாவதுக்கு வந்துவிட்டது. அதையும் ஊசியையும் ஒரே தட்டில் வைத்திருந்தால் புதுப்பிள்ளை எதைக் கண்டாள்? கைக் கூடையில் மிஞ்சியது கொஞ்சம்தான்.

இப்போது மருந்தை ஊற்றிய பிறகுதான் காகிதம் வெட்டுகிறார்கள். அந்தந்தப் போத்தலுக்கு அளந்து வெட்ட வேண்டியிருப்பதால் வரிசை நகரவே மாட்டேன் என்கிறது. "இதுக்குள்ள நோய் தானாவே போயிரும்," என்று கங்காணிகூட முணுமுணுக்கிறார். தோட்டத்தில் எல்லாரிடமும் ஒரே மாதிரிப் போத்தல் இருந்தால் சுளுவாக இருக்கும். அப்படியிருக்க ஒருநாள் காலை டிஸ்பென்சரிப் பின்வாசலில் ஒரு சாக்கு. உள்ளே ஒரே அளவான தட்டைப் போத்தல்கள். தவறணைக்குப் பின்னாலும் சாக்கடைக் கான்களிலும் பொறுக்கியவை. பிறகு அடிக்கடி அப்படிச் சாக்கு வந்தது. யாரோ ஒரு புண்ணியவான். யார் என்று இன்றுவரை தோட்டத்தில் யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் முடித்திருந்தேன். ஆளைப் பற்றி எழுதினால் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் சங்கத்து வழக்கம். அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே டிஸ்பென்சரிப் பின்கட்டில் உட்கார்ந்து நானே வாசித்தேன். எமனுக்குச் சிரித்தார். பெரியாயி வந்த இடத்தில் ஊசித்தட்டைத் துடைப்பதை நிறுத்தினார். கடைசி வரியில் தட்டைக் கீழே வைத்தார்.

"இன்னொருக்கா வாசி. அந்தச் சாக்குக் கதைய."

வாசித்தேன்.

"யாரோவா?"

"யாரோதான், அத்தை."

அத்தை எழுந்து அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு தட்டைப் போத்தலை எடுத்து வந்தார். தக்கை போட்டிருந்தது. உள்ளே காய்ந்த இலை ஒன்று.

"மொதச் சாக்குல இது இருந்துச்சு. நான் கைய விட்டதும் உள்ள இருந்து ஒரு சில்வண்டு 'கிர்ர்'னு கத்துச்சு பாரு, எனக்கு நெஞ்சு நின்னு போச்சு. தருமமும் செஞ்சு, அதுக்குள்ள சில்வண்டும் புடிச்சு விடுற பயல் இந்தத் தோட்டத்துல எத்தனை பேருடா?"

"யாரு கண்டா..."

"அது மட்டுமில்ல. இங்க பாரு." தக்கையை என் கண்ணுக்கு நேரே நீட்டினார். அதில் ஊசியால் குத்திய ஓட்டைகள். "பூச்சிக்கு மூச்சு முட்டக் கூடாதுன்னு ஓட்ட போட்டிருக்கான். என்னையப் பயங்காட்டணும், ஆனா பூச்சி சாவக் கூடாது. நீ வாசிக்கிறப்பவும் பெரியாயி பேரு வந்த எடத்த வேகமா வாசிச்சுத் தாண்டுனியே, நான் கேக்கலேன்னு நெனச்சியா?"

நான் தாளை மடிக்கப் போனேன்.

"அந்த 'யாரோ'வ வெட்டிட்டு ஓன் பேரப் போடு."

"மானம் போயிரும், அத்தை. பயலுக என்னையச் சும்மா விட மாட்டானுங்க."

"அப்போ இந்தப் போத்தல எந்தக் கூடையில போடுறது? நீயே சொல்லு. சாமான் நல்லா இருக்கு, கையும் நல்லா இருக்கு." தக்கையைப் பிடுங்கி, இலையைத் தட்டிக் கொட்டிவிட்டு, போத்தலை என் கையில் வைத்தார். "கூடையில வேணாம். போயி நல்லாக் கழுவிக் கொண்டா. கணபதிக்கு மறுபடி லேசாச் சளி, நாளைக்கு மருந்து ஊத்தணும்."